கழுத்துவரை நிரம்பிய போத்தல்கள்: விமானம் ஏறாமல் திரும்பிய யூகலிப்டஸ் எண்ணெய் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். கட்டுநாயக்க விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் எங்கள் நான்கு பெட்டிகளும் தராசுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஆபத்தான பொருள்களை ஏற்கும் பொறுப்பிலிருந்த அதிகாரி சரிபார்ப்புப் படிவத்துடன் வந்தார். பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டாவது பெட்டியின் முன் குனிந்தார். அதன் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் பளபளத்தது.

“தங்கச்சி, இது போகாது. வாசலில் இறக்கும்போதே தடிமனுக்கு ஆவி பிடிக்கிற வாசனை வந்துவிட்டது. படிவத்தில் முதல் கேள்வி வரைக்கும் போகவே வேண்டியதில்லை” என்றார்.

அவர் நீர்கொழும்புக்காரர். பேச்சில் கடுமை இல்லை. ஆனால் கசிந்த பெட்டியை வேறு சரக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடமும் வைத்திருக்க அவர் அனுமதிக்கவில்லை. நான்கையும் வெளியே எடுக்கச் சொன்னார். எங்களை அழைத்துவந்த ஏஜென்ட் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நகர்ந்துவிட்டார். நுவரெலியாவிலிருந்து இரவோடு இரவாக இறங்கிவந்த லொறியில், வந்த பெட்டிகளையே திரும்ப ஏற்றினோம்.

அந்த நாளை இப்போது படிப்படியாகப் பிரித்து எழுதுகிறேன். மலையகத்தில் எண்ணெய் வடிக்கும் சிறு குழுக்கள் எங்களைப் போல் இன்னும் சில இருக்கின்றன. அவர்கள் எவரும் இதே வாசலில் இதே காரணத்துக்காக நிற்கக் கூடாது.

சரக்கும் கணக்கும்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒன்பது பெண்கள் சேர்ந்து யூகலிப்டஸ் எண்ணெய் வடிக்கிறோம். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் கொழுந்து பறித்தவர்கள், அல்லது இன்றும் பறிக்கிறவர்கள். தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் நட்ட மரங்கள் எங்கள் மலைகளில் நிறைய இருக்கின்றன. விறகுக்கு வெட்டும்போது கழிக்கும் இலையை வாங்கி, நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்து எண்ணெயைப் பிரிக்கிறோம். சில ஆண்டுகளாகச் சிறு போத்தல்களில் அடைத்து உல்லாசப் பயணிகள் வரும் கடைகளுக்குக் கொடுத்தோம். பிறகு ஜெர்மனியில் சவர்க்காரம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று 40 லீற்றர் கேட்டது. எங்களுக்கு அது பெரிய ஓடர். கப்பலில் அனுப்பும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆகவே விமானம்.

யூகலிப்டஸ் எண்ணெய் மருந்துப்பெட்டியில் இருக்கிற பொருள். குழந்தையின் தலையணையில் இரண்டு துளி விடுகிறோம். அதை ஆபத்தான பொருள் என்று சொன்னால் எங்கள் லயத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தீப்பற்றுநிலை என்று ஒன்று உண்டு. திரவத்தைச் சூடாக்கிக்கொண்டே போகும்போது, மேலே எழும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. மூடிய பாத்திரத்தில் அளந்து 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே பற்றும் திரவங்கள் விமான விதிகளில் 3ஆம் வகுப்பு, அதாவது தீப்பற்றும் திரவங்கள். யூகலிப்டஸ் எண்ணெய் 50 பாகைக்குச் சற்றுக் கீழேயே பற்றும். 23 பாகைக்கு மேலே பற்றுவதால் அது அந்த வகுப்பின் மூன்றாவது பொதிக்குழுவில், ஆபத்து குறைந்த படியில் விழுகிறது.

அந்தப் படிக்குச் சலுகை உண்டு. பயணிகள் விமானத்தில்கூட ஒரு பெட்டியில் 60 லீற்றர்வரை அனுப்பலாம். ஆனால் பெட்டி ஐ.நா. முறைப்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய பொதியிடல் அறிவுறுத்தல் 355. முத்திரை இல்லாத நல்ல கார்ட்போர்ட் பெட்டியில் அனுப்ப வேண்டுமானால் மட்டுப்படுத்திய அளவு என்ற வழி இருக்கிறது. அதன் அறிவுறுத்தல் ஒய்344: ஒரு பெட்டியில் 10 லீற்றருக்கு மேல் கூடாது, பெட்டியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது, உள்ளே வைக்கும் ஒரு பிளாஸ்டிக் போத்தல் 5 லீற்றரைத் தாண்டக் கூடாது. முத்திரை குத்திய பெட்டிகளை நான்கைந்தாக வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம் என்பதால் ஏஜென்ட் இரண்டாவது வழியைச் சொன்னார். ஒரு லீற்றர் போத்தல் பத்து, அப்படி நான்கு பெட்டி. அந்தத் திட்டத்தில் பிழையில்லை. பிழைகள் எல்லாம் அதற்குள்ளே நடந்தன.

பெட்டிகளைப் பிரித்தபோது

வத்தளையில் என் மாமா வீட்டுப் பின்முற்றத்தில் நான்கு பெட்டிகளையும் இறக்கினோம். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, எல்லாக் கதவையும் திறந்துவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கண்ட எதையும் மறக்கக் கூடாது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே போனேன். அந்தக் கொப்பிதான் இந்த ஆய்வின் அடிப்படை.

நாற்பது போத்தல்களில் ஏழின் மூடியைச் சுற்றி எண்ணெய் இருந்தது. அந்த ஏழில் மூன்று, தோள்வரை நனைந்திருந்தன. ஒரு போத்தலும் உடையவில்லை. வெடிப்புகூட இல்லை. ஏழும் மூடி வழியாகவே கசிந்திருந்தன.

இரண்டாவது பெட்டியில் கண்டதை விரிவாகச் சொல்ல வேண்டும். போத்தல்களுக்கு இடையில் ஆடக்கூடாது என்று ரெஜிபோம் துண்டுகளை வெட்டிச் செருகியிருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைத் துண்டுகள். கசிந்த மூன்று போத்தல்களுக்கு நடுவில் அவற்றைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பாகு, வெல்லப் பாகு ஆறிக் கெட்டியாகும்போது இழுபடுமே, அப்படி இழுபட்டது. விரலில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. யூகலிப்டஸ் எண்ணெய் ரெஜிபோமைக் கரைத்துவிடும். ஒரு கரண்டி எண்ணெய், உள்ளங்கை அகலத் துண்டை என் கண்முன்னே சுருட்டித் தின்றதைப் பிறகு நானே செய்து பார்த்தேன். ஆக, எதற்காக அந்தத் துண்டுகளை வைத்தோமோ அந்த வேலை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், கசிவு தொடங்கிய நேரத்தில், அவை இல்லாமல் போய்விட்டன. பிடிமானம் இழந்த போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே மீதி வழி முழுவதும் வந்திருக்கின்றன.

ஈரமான அட்டையில் டேப் பிடிக்காது. பெட்டியின் அடிமூடி இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. பெட்டியோ புதியதல்ல, பிஸ்கட் வந்த பெட்டி. பழைய அச்சு எழுத்தை வெள்ளைக் கடதாசி ஒட்டி மறைத்திருந்தோம். எண்ணெய் பட்டதும் கடதாசி கண்ணாடி மாதிரியாகி, பிஸ்கட்டின் பெயர் கீழிருந்து எட்டிப் பார்த்தது. மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தோம். எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் அது இருக்க வேண்டும். லொறியில் ஒரு பெட்டி படுத்துக் கிடந்ததை இறக்கும்போது பார்த்தேன். ஏற்றியவரின் பக்கம் அம்பு இல்லை. அவர் மேல் குற்றமில்லை.

அளவு குறையக் கூடாது

இனி மூடி. ஏன் ஏழு மூடிகள் கசிந்தன? முதலில் எல்லோரும் சொன்ன பதில், சரியாக முறுக்கவில்லை என்பது. போத்தல்களை நிரப்பி மூடியது பெரியம்மா. முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்த கை. அந்தக் கை முறுக்கிய மூடியை என்னால் திறக்க முடியாது. ஆகவே அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கசியாத 33 போத்தல்களையும் கசிந்த ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கசிந்தவற்றில் எண்ணெய் இன்னும் கழுத்தளவில் நின்றது. கசியாதவற்றில் மட்டம் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் ஊருக்கு வந்து பெரியம்மாவிடம் கேட்டேன்.

“கழுத்துவரைக்கும் ஊற்றினீர்களா பெரியம்மா?”

“ஆமாம் மகள். கடைசியாக வடித்த பானையில் மிச்சம் இருந்தது. அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வெளிநாட்டுக்காரன் திறந்து பார்த்து, குறைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று சொல்லக் கூடாது. நமக்குக் கிலோ வெட்டினார்களே, அது நம் கையால் இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது.”

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிபடுவதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவர் பெரியம்மா. அளவில் நேர்மை என்பது அவருக்கு உடம்பில் ஊறிய விஷயம். எங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிழை, அந்த நேர்மையிலிருந்தே வந்தது. அவருக்கு யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

காரணம் இதுதான். திரவம் சூடானால் விரியும். யூகலிப்டஸ் எண்ணெய் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் 0.9 பங்கு விரிகிறது. நாங்கள் நிரப்பியது டிசம்பர் விடிகாலை. கொட்டிலுக்குள் வெப்பமானி 11 பாகை காட்டியது. போத்தலின் உண்மையான கொள்ளளவு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தபோது, 1,060 மில்லிலீற்றர். கழுத்துவரை ஊற்றியதில் சுமார் 1,050 உள்ளே போயிருக்கிறது. லொறி அதிகாலை றம்பொடை வளைவுகளில் இறங்கி, புசல்லாவை, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை, கேகாலை என்று கீழ்நாட்டுக்கு வந்து, சரக்குப் பகுதிக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது. உள்ளே 38 பாகை என்று வைத்தாலும் ஏற்றம் 27 பாகை. 1,050 மில்லிலீற்றர் எண்ணெய் 25 மில்லிலீற்றர் கூடுகிறது. அதற்கு இருந்த இடம் 10. போத்தலும் கொஞ்சம் விரியும்தான். அது ஆறேழு மில்லிலீற்றர். மிச்சம் எங்கே போகும்? காற்றை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. அது மூடியைத் தள்ளியது.

மூடி தாங்கியிருக்குமா? அதையும் கழற்றிப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் வெள்ளை நுரைத்தட்டு ஒன்று இருக்கும். புதிய மூடியில் அதை நகத்தால் அமுக்கினால் மீண்டும் எழும்பும். ஒரு வாரம் எண்ணெய் பட்ட தட்டை அமுக்கினேன். நகத்தின் தடம் அப்படியே நின்றது. முறுக்கிய அன்று இறுக்கமாக இருந்த மூடி, தட்டு இளகியதும், ஒருவர் கையும் படாமலே தளர்ந்திருக்கிறது. அதனால்தான் விமான விதி மூடியோடு நிற்பதில்லை. திரவம் உள்ள உட்போத்தலுக்கு இரண்டாவது பிடிப்பு ஒன்றும் வேண்டும் என்கிறது: மூடிக்கு மேலே சுற்றிய டேப், சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை, இப்படி ஏதாவது. நாங்கள் வைத்தது மூடி மட்டும்.

நிரப்பும் அளவு பற்றி விதி சொல்வது ஒரே வரி: 55 பாகையிலும் போத்தல் முழுமையாக நிரம்பிவிடக் கூடாது. இந்த வரியை ஏஜென்ட் அனுப்பிய ஆவணத்தில் நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, நம் ஊரில் ஏது 55 பாகை என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனேன். நுவரெலியாவில் உட்கார்ந்து படித்தால் அப்படித்தான் தோன்றும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்த எண் நெருங்கிவரக்கூடியது. குளிர்நாட்டில் நிரப்பி வெப்பநாட்டு வழியாக அனுப்புகிற நமக்குத்தான் அந்த வரி மற்ற எவரையும்விட அதிகமாகப் பொருந்துகிறது.

காற்றழுத்தம்

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர், படித்தவர், வேறொரு வாதம் வைத்தார். “அக்கா, நாங்கள் மலையில் அடைக்கிறோம். இங்கே காற்றழுத்தமே குறைவு. விமானத்துக்குள்ளும் குறைவு. நமக்கு வித்தியாசமே வராது.”

பாதி சரி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல். பறக்கும் பயணிகள் விமானத்தின் உள்ளே 75 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். மலையில் அடைத்த போத்தலுக்கு அந்த இடைவெளி சிறியதே. கட்டுநாயக்கவில் 101 என்பதால் அங்கே போத்தல் உட்புறமாக அமுங்கும். தண்ணீர்ப் போத்தலைக் குடித்து மூடி மலையிலிருந்து கீழே கொண்டுபோனவர்கள் அது நசுங்கியிருப்பதைக் கண்டிருப்பார்கள்.

ஆனால் விதி நல்ல நாளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. 11 கிலோமீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 23 கிலோபாஸ்கல் அளவுதான். சரக்கறையின் அழுத்தம் ஏதோ காரணத்தால் விழுந்தால், போத்தலுக்கு உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை ஒரேயடியாகக் கூடும். திரவம் அடைக்கும் எந்தக் கலனும் விமானத்தில் போக வேண்டுமானால் 95 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்தைக் கசியாமல் தாங்க வேண்டும். எங்களுடையதைப் போன்ற மூன்றாவது பொதிக்குழுத் தீப்பற்றும் திரவத்துக்கு அது 75. மட்டுப்படுத்திய அளவு என்பதால் இதில் தள்ளுபடி கிடையாது. பெட்டிக்கு முத்திரை வேண்டாம் என்றால் போத்தலுக்கும் சோதனை வேண்டாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். போத்தல் விற்றவரிடம் கேட்டபோது, “இது ஜூஸ் போத்தல் மிஸ்” என்றார்.

ஒரே எண்ணெய்க்கு மூன்று பெயர்

கசிவு இல்லாதிருந்தாலும் சரக்கு அன்று போயிருக்காது. அதிகாரி பிறகு எங்கள் ஆவணங்களைப் புரட்டிக் காட்டினார்.

மலையகத்தில் இந்த மரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டர்பன்டைன் மரம். சிங்களத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் இன்வொய்ஸில், சின்ன வயதிலிருந்து வாயில் வந்த பெயரிலேயே, டர்பன்டைன் எண்ணெய் என்று போட்டிருந்தோம். உண்மையான டர்பன்டைன் என்பது பைன் மரப் பிசினிலிருந்து வருவது. வர்ணம் பூசுகிறவர்கள் பயன்படுத்துவது. அதற்கு ஐ.நா. பட்டியலில் தனி எண் இருக்கிறது: யூ.என். 1299. சரக்குடன் இணைத்த பாதுகாப்புத் தரவுத்தாள், அதாவது பொருளின் ஆபத்துகளைச் சொல்லும் தாள், வேறொருவருடையதைப் பார்த்து எடுத்தது, அதில் யூ.என். 1169, நறுமணச் சாறுகள் என்றிருந்தது. அந்த எண் 2023 முதல் விமான விதிகளில் இல்லை. அதை யூ.என். 1197 உடன் சேர்த்து, சுவைக்கோ நறுமணத்துக்கோ உரிய திரவச் சாறுகள் என்று ஒரே பதிவாக்கிவிட்டார்கள். ஏஜென்ட் படிவத்தில் போட்டது அந்த 1197. அது சரி. ஆனால் மூன்று தாளில் மூன்று பொருள். தீ விபத்து நடந்தால் விமானி கையிலிருக்கும் தாள் எதைச் சொல்லும்?

சரக்கை வகைப்படுத்துவது, பொதிவது, குறியிடுவது, ஆவணம் எழுதுவது எல்லாம் அனுப்புகிறவரின் பொறுப்பு. ஏஜென்டுக்குக் காசு கொடுத்துவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது என்று நான் எண்ணியிருந்தேன். இந்த நிகழ்வில் என் பங்குப் பிழை அதுதான். அதைப் பெரியம்மாவின் கழுத்தளவுக்கு மேலேயே வைக்கிறேன். மட்டுப்படுத்திய அளவு என்றாலும் விமானத்துக்கு, இரு ஓரமும் சிவப்புக் கோடிட்ட அந்த அனுப்புநர் பிரகடனம் வேண்டும். அதில் கையெழுத்திடுகிறவர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயிற்சியை 24 மாதத்துக்குள் புதுப்பிக்கவும் வேண்டும்.

மரத்தூள்

ரெஜிபோம் கரைகிறது என்று தெரிந்ததும் எங்கள் குழுவில் வந்த முதல் யோசனை மரத்தூள். மரம் அரியும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது, காசும் இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் ஒரு பழைய விபத்து.

1973 நவம்பர் 3ஆம் திகதி, பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் ஒன்று நியூயோர்க்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் பிரஸ்ட்விக் நோக்கிக் கிளம்பியது. சரக்கில் பெரும் அளவில் இரசாயனங்கள். அவற்றில் நைத்திரிக்கமிலம், கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, மரத்தூள் சூழ மரப்பெட்டிகளில் வைத்தது. வழியில் புகை கிளம்பியது. பொஸ்டனில் இறங்கத் திரும்பினார்கள். விமானி அறைக்குள் புகை நிறைந்த நிலையில் ஓடுபாதையை எட்டும் முன்னே விமானம் விழுந்தது. மூன்று பணியாளர்களும் இறந்தார்கள். புகையின் மூலத்தை ஐயமில்லாமல் நிறுவ முடியவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஆனால் சரியாகப் பொதியப்படாத அமிலம் கசிந்து மரத்தூளோடு வினைபுரிந்தே அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு.

எங்கள் எண்ணெய் அமிலமல்ல. மரத்தூளோடு அப்படி வினைபுரியாது. ஆனாலும் எண்ணெய் ஊறிய மரத்தூள் என்றால் அடுப்புப் பற்றவைக்க நாங்களே எடுத்துவைக்கிற பொருள். அதை ஒரு பெட்டிக்குள் கட்டி, நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் தளத்துக்கு அடியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பது கசிந்தால் அதை உறிஞ்ச வேண்டிய பொருள், அதோடு சேர்ந்து இன்னொரு ஆபத்தாக மாறக் கூடாது. ரெஜிபோமும் மரத்தூளும் ஒரே கேள்வியில் தோற்கின்றன.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பெட்டிக்குள் தைலப் போத்தல் வைத்துக்கொண்டு போகிறார்கள். உடம்புக்குப் பூசுவதற்கான சிறு போத்தலுக்குத் தடையில்லை. பயணி ஒருவர் இப்படிப்பட்ட மருந்து, அழகுப் பொருள்களை ஒவ்வொன்றும் அரை லீற்றருக்குள், எல்லாம் சேர்த்து இரண்டு லீற்றருக்குள் கொண்டுபோகலாம். பழைய சோடாப் போத்தலில் ஒரு லீற்றர் ஊற்றி, உடுப்புக்கு நடுவில் ஒளித்துவைப்பதுதான் கூடாது. அதைத் தபாலில் போடுவதும் கூடாது; சர்வதேசத் தபாலில் தீப்பற்றும் திரவத்துக்கு இடமில்லை.

இரண்டாவது முறை

ஜெர்மன்காரருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். அவர் காத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு மாதம் எடுத்தது.

முதல் மாற்றம் நிரப்பும் இடத்தில். கண்ணால் மட்டம் பார்ப்பதை நிறுத்தி, தராசில் நிரப்பத் தொடங்கினோம். எங்கள் எண்ணெய் 20 பாகையில் ஒரு லீற்றருக்கு 920 கிராம். குளிரோ வெயிலோ எடை மாறாது. போத்தலை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கி, 920 வரும்வரை ஊற்றினால் வாங்குகிறவருக்கு ஒரு துளி குறையாது. போத்தலுக்கு இடமும் மிஞ்சும். 55 பாகையில் அந்த 920 கிராம் சுமார் 1,032 மில்லிலீற்றராக விரியும். புதிதாக வாங்கிய அலுமினியப் போத்தலின் விளிம்புக் கொள்ளளவு 1,080.

பெரியம்மாவை இதற்கு இணங்கவைக்க வாயால் சொன்னது போதவில்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, இறுக்கி மூடி, வெந்நீர் வாளிக்குள் நிற்கவைத்தேன். நாங்கள் இருவரும் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் மின்னியது. வளையம் தடித்து ஒரு துளியானது. துளி கழுத்தில் வழிந்து நீரில் விழுந்து, வானவில் நிறத்தில் பரவியது. பெரியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “இதைக் காட்டியிருந்தால் நான் ஊற்றியிருப்பேனா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போத்தல் விற்பவரிடமிருந்து அழுத்தச் சோதனைக்கான சான்றிதழை முதலில் வாங்கிக்கொண்டுதான் காசு கொடுத்தோம். மூடிக்கு உள்ளே ஓர் அடைப்பான், மேலே மூடி, அதற்கு மேலே சூட்டில் சுருங்கும் உறை. நிரப்பிய ஒவ்வொன்றையும் இரவு முழுவதும் பழைய பத்திரிகைத் தாளின் மேல் தலைகீழாக நிறுத்துகிறோம். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் அந்தப் போத்தல் தனியே போகும். பிறகு ஒவ்வொன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள். பைகளைச் சுற்றி, நாற்றுமேடைக்காரர்கள் பயன்படுத்தும் வெர்மிகுலைட். அது எரியாது, எண்ணெயை உறிஞ்சும். புதிய இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி. உள்ளே அட்டைத் தடுப்பு.

மட்டுப்படுத்திய அளவுப் பெட்டிக்கு முத்திரை வேண்டாமே தவிர, தாங்கும் சக்தி வேண்டும்: 1.2 மீற்றர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விழுந்தாலும் உள்ளிருப்பது கசியக் கூடாது. அதே மாதிரிப் பெட்டிகளை மூன்று மீற்றர் உயரத்துக்கு அடுக்கிய பாரத்தை ஒரு நாள் முழுவதும் தாங்க வேண்டும். போத்தல்களில் தண்ணீர் நிரப்பிப் பெட்டியைக் கட்டி, கொட்டிலின் சிமெந்துத் திண்ணையில் அளவுநாடா பிடித்து, மூலை கீழே படும்படி விட்டோம். முதல் பெட்டியின் மூலை நசுங்கி ஒரு போத்தலின் தோள் குழிந்தது, கசியவில்லை. இருந்தாலும் அடியில் இன்னொரு அட்டை சேர்த்து மறுபடி விட்டோம். பாரத்துக்கு, அரிசி மூட்டைகள். மறுநாள் காலை பெட்டி நேராக நின்றது.

இன்வொய்ஸ், தரவுத்தாள், பிரகடனம் மூன்றிலும் இப்போது ஒரே பெயர், ஒரே எண். பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு கையெழுத்திட்டோம். அதே ஆண்டில் நானும் அந்தப் பயிற்சிக்குப் போனேன். லொறியை வெயிலில் நிறுத்தாதபடி, ஏற்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு, கம்பளையில் இரண்டு மணி நேரம் மர நிழலில் காத்திருந்து இறங்கினோம்.

அதே நீர்கொழும்பு அதிகாரிதான் இருந்தார். குனிந்தார். மூக்கைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார். இம்முறை பேனாவைத் திறந்தார். வைரவடிவச் சிவப்புத் தீச்சுடர் லேபல், ஒய் எழுத்துள்ள மட்டுப்படுத்திய அளவுக் குறி, எதிரெதிர்ப் பக்கங்களில் அம்பு, பெயர், எண், முகவரி என்று ஒவ்வொன்றையும் பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனார். நாற்பது நிமிடம். பிறகு பெட்டிகள் உருளைகளின் மேல் நகர்ந்து உள்ளே போயின.

ஆறு நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து படங்களுடன் கடிதம் வந்தது. ஒரு பெட்டியின் மூலை வழியில் அடிபட்டு மடங்கியிருந்தது. போத்தல்கள் நாற்பதும் உலர்ந்திருந்தன. கொட்டிலில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படங்களைப் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் படங்களை அதிகம் பார்க்கவில்லை.

“நிறுத்துப் பார்த்தார்களா?”

“பார்த்தார்கள் பெரியம்மா. 920.”